குளிர் விட்டது என்று நினைத்தோம்

எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் அது இரணைமடுக் குளக்கட்டுத்தான். அதில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதற்கப்பால் காடு. ஏறி முடிப்பதற்குள் முதுகு வேர்த்துவிடும். உயரம் என்றால் வேர்வை என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். அதுவரைக்கும் மலையை நான் பார்த்ததே இல்லை. என் அக்காவும் பார்த்ததில்லை. அக்காவின் புருஷன், என் அத்தான், எப்போதோ ரயில் யன்னலால் தூரத்தில் ஏதோ நீலமாகக் கண்டாராம். அந்த ஒரு நீலத்தை வைத்துக்கொண்டு மனிதர் எங்கள் குடியேற்றத் திட்டம் முழுவதற்கும் மலையைப் பற்றி விளக்கம் கொடுத்துத் திரிந்தார்.

இது ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, காணி எடுத்து, காடு வெட்டி நெல் விதைத்த குடும்பங்களில் எங்களதும் ஒன்று. எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில்தான் இருந்தேன். அங்கே சமையலும் என் வேலை, அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தால் நடுவில் நின்று தூது சொல்வதும் என் வேலை.

மலையைத் தெரியாவிட்டாலும் காய்ச்சலை எங்களுக்கு நன்றாகத் தெரியும். மலேரியாவைக் குலைப்பன் என்போம். குலைப்பன் வந்து போகாத வீடு அந்தத் திட்டத்தில் கிடையாது. அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் குளிரும். கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கும், வீட்டிலுள்ள சாக்கு முழுவதையும் போட்டு மூடினாலும் நிற்காது. பிறகு நடுக்கம் தானாக நிற்கும். உடனே உடம்பு எரியத் தொடங்கும், போர்த்ததையெல்லாம் தூக்கி எறியச் சொல்லும். கடைசியில் வேர்த்து ஊற்றும். வேர்த்தால் அன்றைக்குப் பிழைத்தாயிற்று. ஆகவே நடுக்கம் நின்றவுடன் வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவோம். "குளிர் விட்டிட்டுது!" என்று வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் வைப்போம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த ஒழுங்கு மனப்பாடம்.

முதல் வருஷம் மாரியில் அத்தானுக்கு வந்த குலைப்பன் இந்த ஒழுங்கில் நிற்கவில்லை. எரிவு ஏறி மூளைக்கு அடித்துவிட்டது. எங்களை அடையாளம் தெரியவில்லை. வண்டியில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு வழியெல்லாம் வெள்ளம். அன்றைக்கு அக்கா சுவரில் தொங்கிய கலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். அந்த மாதத்துக்கு அதில் சிவனொளிபாத மலையின் படம். "இவரைத் தந்திடு. ஈரச்சீலையோட ஏறி வந்து உன்ர பாதத்தைக் கும்பிடுறன். கும்பிடுமட்டும் ஈரம் காய விடமாட்டன், பச்சைத்தண்ணியும் பல்லிலை படாது" என்று நேர்த்தி வைத்தாள். ஒரு மாதம் முந்தியிருந்தால் கலண்டரில் கதிர்காமம். வெயில் ஊர். நான் பின்னாளில் எத்தனையோ தடவை இதை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

அத்தான் பிழைத்தார்.

ஈரச்சீலை எங்களுக்குப் புதிதல்ல. கோயில் கேணியில் மூழ்கி எழுந்து, சொட்டச் சொட்ட வீதி சுற்றுவது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். எங்கள் வெயிலில் மூன்றாம் சுற்றுக்குள் சீலை காய்ந்து மொடமொடக்கும். காயாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம் என்று அக்கா கவலைப்பட்டாள். வழியில் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டுமே என்று ஒரு சிறிய செம்பையும் பையில் வைத்தாள்.

அடுத்த வருஷம் தைப்பொங்கல் முடிந்ததும் புறப்பட்டோம். வயலில் களை எடுத்தாயிற்று, அரிவு வெட்டுக்கு நாள் இருந்தது. ஊர் முழுக்க வந்து புத்தி சொன்னது. கனகராயன்குளத்தில் இருந்து வந்த உறவுக்காரர் யானைக்கு என்ன செய்வது என்று சொன்னார். மல்லாவியில் இருந்து வந்தவர் கரடிக்கு என்ன செய்வது என்று சொன்னார். பாம்புக்கு ஒருவர் வேர் தந்தார். அத்தான் தன் பங்குக்குக் குடை எடுத்தார். "மேல போகப் போகச் சூரியனுக்குக் கிட்டப் போறம், வெயில் மண்டையைப் பிளக்கும்" என்றார். மடியில் குலைப்பனுக்குக் குடிக்கிற கொயினா மருந்துப் போத்தலும் இருந்தது. அது இல்லாமல் எங்கள் ஆட்கள் வேலி தாண்ட மாட்டார்கள். குளிரும் என்று யாரோ ஒருவர் சொன்னார்தான். குளிர் என்றால் எங்களுக்கு மார்கழி விடியற்காலை. சீலைத் தலைப்பைத் தலையில் போட்டால் தீர்ந்தது.

ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஒருவாறு மலையடிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மடத்தில் படுத்தோம். நித்திரை கொண்டோம் என்று சொல்ல மாட்டேன். காலையில் அக்கா வாயைத் திறந்தபோது புகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "எடியே, நான் சுருட்டுப் பத்துறன் பாரடி" என்று ஊதி ஊதிக் காட்டினாள். நானும் ஊதினேன். அத்தானும் ஊதினார். மூன்று பெரிய மனிதர்கள் மடத்து வாசலில் நின்று புகை விட்டு விளையாடினோம். அது என்ன சமிக்கை என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஏறும் வழியில் ஓர் ஆறு குறுக்கே வரும். அதில் குளித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். நான் ஒரு காலை வைத்தேன், எலும்பில் ஆணி அடித்தது போல் இருந்தது, எடுத்துவிட்டேன். எனக்கு ஒரு நேர்த்தியும் இல்லை, கடவுள் கோபித்தாலும் பரவாயில்லை என்று முகத்தை மட்டும் கழுவினேன். அத்தான் முங்கி எழுந்து, கத்திக்கொண்டு ஓடிவந்து காய்ந்த வேட்டியைச் சுற்றிக்கொண்டார். அக்கா சீலையோடு இறங்கி, தலை தாழ மூன்று முறை முழுகினாள். வெளியே வந்தபோது உதடு நீலம். கண்ணில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். கடனைத் தீர்க்கப் போகிறவளின் சந்தோஷம் அது.

மற்ற யாத்திரைக்காரர் உடுப்பு மாற்றி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் பக்தியைப் பார்த்து அதிசயப்படுகிறார்கள் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

படி, படி, படி. முதல் பாதி நன்றாகத்தான் போனது. ஏறுகிற உழைப்பில் அக்காவுக்குச் சூடு இருந்தது. பிறகு பனிப்புகார் இறங்கியது. முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது, காலடிப் படி மட்டும் தெரியும். மழை என்றும் சொல்ல முடியாத ஒரு தூறல். எங்கள் ஊரில் மழை பெய்தால் வாசலுக்கு ஓடிவந்து கையை நீட்டுவோம். இந்த மழை கையை இழுக்கச் சொன்னது. மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து ஒரு வளைவில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அங்கேதான் காற்று எங்களைப் பிடித்தது. அத்தானின் குடை ஒரே வீச்சில் மறுபக்கம் புரண்டு கம்பிகள் உடைந்தன. அவர் அதை மடிக்க மாட்டாமல் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் பாறையில் வழிந்த தண்ணீரைச் செம்பில் ஏந்தித் தோளில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சீலை காயவே இல்லை. ஏன் ஊத்திறாய்?" என்றேன்.

"முந்தானை காயுது" என்றாள். பல் அடித்ததில் சொல் மூன்று துண்டாக வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்கா நடுங்கினாள். தோள் மட்டும் அல்ல, வயிறும் தொடையும் சேர்ந்து நடுங்கின. பாதத்தில் கொளுத்தவென்று கொண்டுவந்த கர்ப்பூரச் சரையைக் கையில் பிடிக்க முடியாமல் விட்டாள். விழுந்ததை அவள் கவனிக்கவும் இல்லை. எதற்காக வந்தாளோ அதையே படியில் போட்டுவிட்டு நடந்தாள். நான் எடுத்துக் கொடுத்தபோது "இது ஆற்றை?" என்று யாருடைய பொருளோ போல் கேட்டாள். நாக்குக் குழறியது. இரண்டு படிக்கு ஒரு தரம் கால் தடுக்கியது.

அத்தான் அவளைப் பார்த்தார். உடனே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தார்.

"குலைப்பன்! இஞ்சை வந்தெல்லோ பிடிச்சிருக்கு!" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. நடுக்கம், பிதற்றல், இரண்டும் நாங்கள் வீட்டில் கண்டதுதான். ஒரு பாறையின் ஓரத்தில் அவளை இருத்தினோம். அத்தான் கொயினாப் போத்தலைத் திறந்து வாயில் ஊற்றப் போனார். "விரதம்" என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். சரி, இது வழக்கமான குளிர், விட்டுவிடும், பொறுத்திருப்போம் என்று அவளுடைய இரண்டு பக்கமும் நாங்கள் குந்தினோம். எங்களிடம் இருந்த ஒரே போர்வையை ஈரச்சீலைக்கு மேலாலேயே போர்த்தோம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நனைந்துவிட்டது.

பிறகு நடுக்கம் நின்றது.

அத்தானின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்வேன். "குளிர் விட்டிட்டுது, பிள்ளை! பார், விட்டிட்டுது!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். நானும் "அப்பாடா" என்றேன். கலண்டர்ப் படத்துக்காரனுக்கு மனதுக்குள் நன்றி கூடச் சொன்னேன்.

அக்கா போர்வையைத் தள்ளினாள். "எரியுது" என்றாள். சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். "எரியுது, எரியுது, இதைக் கழட்டடி."

"ஓம், ஓம். இப்ப காய்ச்சல் எழும்பும். பிறகு வேர்க்கும், எல்லாம் சரி" என்றார் அத்தான். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பாறைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். எரிவுக்கு நாங்கள் வீட்டில் செய்வது அதுதான். ஈரத்துணியை நெற்றியில் வைத்து, உடைந்த குடையால் விசிறினார். நான் போர்வையைச் சுருட்டி ஒரு பக்கம் வைத்தேன். அந்த மலையில், அந்தக் காற்றில், எங்கள் கையாலேயே அவளுக்கு விசிறினோம். இதை எழுதும்போது என் கை நிற்கிறது. எத்தனை அன்பாக, எத்தனை கவனமாகச் செய்தோம்!

துணி விலகாமல் பிடிப்பதற்காக அவள் கழுத்தில் கையை வைத்தேன். குளத்து மீனைத் தொட்டதுபோல் இருந்தது.

குலைப்பன் எரிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தாலே அனல் அடிக்கும். தொட்டால் கையை எடுக்கத் தோன்றும். இவள் எரியுது என்கிறாள், உடம்போ சில்லிட்டுக் கிடக்கிறது. ஒழுங்கு பிசகிவிட்டது.

"அத்தான், சுடேல்லை. தொட்டுப் பாருங்கோ."

"உன்ர கை விறைச்சுப்போச்சு, அதுதான்."

"இல்லை அத்தான். தொடுங்கோ!"

அவர் கையை வைத்தார். நம்பாமல் கன்னத்தை அவள் கன்னத்தில் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, மிகவும் நல்ல பிள்ளையாக, "நித்திரை வருது" என்றாள். கண்ணை மூடினாள். நான் கன்னத்தில் அடித்தேன். அவள் திறக்கவில்லை. நான் அலறிய அலறல் புகாருக்குள் போய் எங்கோ கரைந்தது.

மேலே இருந்து பாடிக்கொண்டு இறங்கிவந்த சிங்களப் பெண்கள் கூட்டம் பாட்டை நிறுத்தியது. எல்லோரும் வெள்ளை உடுப்பு. முன்னால் வந்தவள் நடுவயது, நல்ல கனத்த உடம்பு. அவளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. அவள் அக்காவின் சீலையைக் கையால் பிடித்தாள். தண்ணீர் பிதுங்கியது. திரும்பி எங்களைப் பார்த்த பார்வை எந்த மொழியிலும் விளங்கும். மற்றவர்களைக் கூப்பிட்டாள். நாலு பேர் சுற்றி நின்று சேலையால் மறைப்புப் பிடித்தார்கள். அவள் அக்காவின் சீலையை உரியத் தொடங்கினாள்.

அத்தான் பாய்ந்தார். "ஐயோ, கழட்டாதேங்கோ! நேர்த்திச் சீலை! கும்பிடுமட்டும் கழட்டக்கூடாது!" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷி ஒரு கையால் அவர் மணிக்கட்டில் அடித்தாள். அவர் விடவில்லை. தன் உயிருக்கு ஈடாக வைத்த சீலை, அதை இழந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. தன்னைப் பற்றிய பயமா, அக்காவைப் பற்றிய பயமா என்று நான் அவரிடம் கடைசி வரையில் கேட்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு பக்கம் அத்தான் இழுக்கிறார், மறுபக்கம் முன்பின் தெரியாத ஒருத்தி இழுக்கிறாள். நான் யாருடைய பக்கம் என்று எனக்கே தெரியாமல் ஒரு கணம் நின்றேன். பிறகு குனிந்து, அக்காவின் இடுப்பில் நனைந்து இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

ஒருத்தி கம்பளிப் பனியன் கொடுத்தாள், ஒருத்தி சால்வை, ஒருத்தி தான் இடுப்பில் உடுத்திருந்த இரண்டு சீத்தைத் துணியில் ஒன்று. கனத்த மனுஷி அக்காவைக் கட்டிப்பிடித்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு கம்பளியைச் சுற்றச் சொன்னாள். அவர்களோடு வந்த ஆண்கள் அக்காவை ஒரு போர்வையில் ஏந்திக் கீழே இருந்த தேத்தண்ணிக் கடைக்குத் தூக்கினார்கள். அந்தப் படிகளில் நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவே இல்லை.

கடையில் பெரிய அடுப்பு எரிந்தது. அதற்குச் சற்றுத் தள்ளிப் பாயில் கிடத்தி, அந்த மனுஷியும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்தார்கள். கடைக்காரருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. அத்தான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவருடைய வாய் திறந்தபடியே நின்றது.

"ஈரத்தோட ஏத்தினதா? தண்ணி வேற ஊத்தினதா?"

"ஓம்."

"நடுக்கம் நிண்ட பிறகு காத்து வீசினதா?"

அத்தான் தலையைக் குனிந்தார். "எங்கட ஊரிலை நடுக்கம் நிண்டால் சுகம்" என்றார்.

"இங்க நடுக்கம் நிண்டா சாவு" என்றார் கடைக்காரர். அவர் அதட்டவில்லை. விலை சொல்வதுபோல் சொன்னார்.

அத்தான் நிலத்தில் இருந்துவிட்டார். நான் நின்றபடியே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பிறந்ததில் இருந்து உயிர் தப்புவதற்கென்று நாங்கள் படித்துவைத்த ஒரே பாடம். அதை வைத்தே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறோம். இதை எப்படி ஏற்றுக்கொள்வது? கடையில் ஆட்கள் வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா அசையவில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

வெகு நேரத்துக்குப் பிறகு பாயில் ஓர் அசைவு. அக்காவின் தாடை ஆடியது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுவதும் நடுங்கத் தொடங்கியது.

"ஐயோ, திரும்பப் பிடிச்சிட்டுது!" என்று நானும் அத்தானும் ஒன்றாகக் கத்தினோம்.

கனத்த மனுஷி சிரித்தாள். கடைக்காரர் சிரித்தார். அங்கே நின்ற எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "நடுங்கட்டும், நடுங்கட்டும்! உயிர் வந்திட்டுது!" என்றார் கடைக்காரர். அக்கா பல் நெறுநெறுக்க நடுங்கினாள், அதைப் பார்த்து ஊர் பேர் தெரியாத சனம் சந்தோஷப்பட்டது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. இந்த முறை முகத்தில் நிறம் வந்தது. அக்கா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தான் உடுத்திருந்த யாருடையதோ சீத்தையைப் பார்த்தாள். அடுப்புக்கு மேல் கொடியில் அவளுடைய சீலை ஆவி பறக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

"என்ர சீலையை ஆர் கழட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"நான்தான்."

பொய். முந்தானையைக் கடைசி வரையில் பிடித்துத் தொங்கியவர் அவர். மணிக்கட்டில் அடி வாங்கிய சிவப்புக்கூட மாறவில்லை.

அக்கா அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை நான் அவளிடம் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. "உங்கட உயிரை நான் கேட்டு வாங்கினனான். அந்தக் கடனைத் தீர்க்க விடாமல் மறிக்க நீங்கள் ஆர்?" என்றாள்.

"நீ செத்திருந்தால் அந்த உயிரை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?" என்றார் அத்தான். குரல் உடைந்தது. அத்தனை சனத்துக்கு முன்னால். வீட்டில் எங்கள் முன்னால் அவள் பக்கத்தில் கூட இருக்காத மனிதர்.

"நேர்த்தி முறிஞ்சால் உங்களுக்கு என்னவும் நடந்திடும்."

"நடக்கட்டும். எடுக்கிறதெண்டால் இப்பவே என்னை எடுக்கட்டும், அந்தப் பாதத்துக்கு..."

அவர் முடிப்பதற்குள் அக்கா கையை எட்டி அவருடைய வாயைப் பொத்தினாள். அத்தான் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் அழுத்திக்கொண்டு, அதற்குள்ளால் என்னைப் பார்த்து அழுதார்.

"சுடுது, பிள்ளை" என்றார். "கை சுடுது!"